தவளை மெசினும் என் வயிற்றெரிச்சலும்

மனிதனுக்கு மனிதன் மேல் பொறாமை வரும். எனக்கு ஒரு மெசின் மேல் வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக் கணக்கில். சிவப்பு நிறம், நாலு குண்டுச் சில்லு, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல கைப்பிடி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் இருக்கை. நிலத்தோடு குந்திக்கொண்டு நிற்பதால் எங்கள் சாய்ந்தமருதுச் சனங்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அதை ஓட்டுகிற ஆளைக் கண்டால் இன்னும் எரியும். ஆள் வேறு யாருமில்லை, என் சகலன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

என் தொழில் உழவு மெசின் ஓட்டுவது. போகம் தொடங்கினால் சாகாமத்துப் பக்கம் வயலில் கிடப்பேன். போகம் முடிந்தால் இழுவைப் பெட்டியைப் பின்னால் கொழுவிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடுவேன். மாமனாருக்குக் கரைவலை இருந்தது. வலை கரைக்கு ஏறியதும் மீன் கூடைகளை மணலிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏற்றிக்கொடுப்பது மூத்த மருமகனான என்னுடைய வேலை. அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். மீன் ஏறியதும் முதல் கறிமீனை மாமா என் கையில்தான் தூக்கித் தருவார். மிச்சப் பேருக்கெல்லாம் பிறகுதான்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் சாகாமத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எனக்கு மனைவி இல்லை. நாலு வயது மகள் மட்டும் இருந்தாள். அவளையும் நான் காப்பாற்றவில்லை. மனைவியின் தங்கை, அவளுடைய சாச்சி, இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஓடியிருக்கிறாள். அந்த நேரம் சகலன் வெளிநாட்டில் இருந்தான். பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டும் வேலை. செய்தி கேட்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தான். வந்து இறங்கியபோது அவனுடைய மனைவி வளவு வாசலில், கடப்படியில், உயிரோடு நின்றாள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அந்த நிமிடத்திலிருந்தே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. அவன் செய்த குற்றம் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் வாழ்வான். மனைவி இருக்கும்வரை அந்த வளவில் அவன் ராஜா. மனைவி மவுத்தாகிவிட்டால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது. மாமா என்னைப் போகச் சொல்லவில்லை, பாவம். வளவின் மூலையில் ஒரு தகரக் கொட்டில் போட்டு இருந்துகொண்டேன். மகள் சாச்சி வீட்டில் படுத்தாள், சாச்சி வீட்டில் சாப்பிட்டாள். பெண் பிள்ளையை ஆம்பிளை தனியாகக் கொட்டிலில் வைத்து வளர்க்க முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் ஓம் என்றேன். ஆனால் பின்னேரங்களில் அவள் என்னிடம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த ஆசை. அந்த நேரம் பார்த்துத்தான் தவளை வந்தது.

கடல் அள்ளிய இடத்தில் ரோடு இல்லை, மணல்தான். நிவாரணம் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் சாமான் இழுக்க அந்த மெசினைக் கொண்டுவந்தார்கள். போகும்போது அதைத் திருப்பி ஏற்றாமல் கரைவலைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார் ஓட்டுவது என்று ஒரு கதை வந்தது. நான் தொண்டையைச் செருமினேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “சின்ன மருமகன்தானே இந்தச் சாதி மெசின் ஓட்டின ஆள்” என்று சொல்லிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டார். கடலுக்குப் பிறகு எங்கள் மணல் முன்பு மாதிரி இறுக்கமாக இல்லை. என் உழவு மெசின் இறங்கினால் பின்சில்லு புதையும். தவளை பாட்டுக்கு ஓடித் திரியும். என் கூடைகள் அதன் பின்னால் போகத் தொடங்கின. முதல் கறிமீனும் அந்தப் பக்கம் போனது.

வலைக்காரர்கள் ஒதுங்கும் ஓலை வாடியில் தேத்தண்ணி குடிக்கும் நேரம் சகலன் வலை இழுக்கிற ஆட்களுக்கு மெசினைப் பற்றி வகுப்பு எடுப்பான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காது மட்டும் அங்கே இருக்கும்.

“இஞ்சின் நடுவுல இரிக்கி. அதுல இருந்து ஒரு தண்டு பின்னுக்குப் போகுது, ஒரு தண்டு முன்னுக்குப் போகுது. ரோட்டுல ஓடக்குள்ள பின்சில்லு ரெண்டும் மட்டும்தான் தள்ளும். முன்சில்லு சும்மா உருளும். மணலுக்குள்ள இறங்கினா இந்த பட்டன அமத்தணும். அமத்தினா முன்தண்டும் கொழுவிக்கும். மறுகா நாலும் சேந்து இழுக்கும்.”

“அப்ப எந்த நேரமும் நாலையும் போட்டுட்டு ஓடினா என்ன?” என்று ஒருவர் கேட்டார். நான் கேட்க நினைத்திருந்த கேள்வி அது. ஆனால் செத்தாலும் அவனிடம் கேட்டிருக்க மாட்டேன்.

அவன் மணலில் விரலால் ஒரு வளைவு கீறினான். “திரும்பக்குள்ள முன்சில்லு பெரிய சுத்துப் போகுது, பின்சில்லு சின்னச் சுத்துப் போகுது. ரெண்டையும் ஒண்டாப் பூட்டி வெச்சா ஒண்டையொண்டு முறுக்கும். மணல் எண்டா சில்லு கொஞ்சம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோட்டுல வழுக்க ஏலா. கைப்பிடி இறுகும், உள்ளுக்குப் பல்லுச்சில்லு உடையும்.”

பிறகு டிஃபரென்ஷல் என்று ஒன்றைச் சொன்னான். முன்சில்லு இரண்டுக்கும் நடுவில் இருந்து, திரும்பும்போது ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் சுற்ற விடுகிற பல்லுப் பெட்டி. ரோட்டுக்கு அது நல்ல சாமான். ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் நின்றாலோ சேற்றில் வழுக்கினாலோ சுற்றல் முழுவதையும் அந்தச் சில்லுக்கே கொடுத்துவிடும். பிடிமானமுள்ள சில்லு பார்த்துக்கொண்டு நிற்கும். “சோம்பேறிக்கு முழுச் சோறையும் போட்டுட்டு வேலைகாரனப் பட்டினி போடுற சாமான்” என்றான் அவன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குத்தான் பூட்டு. பூட்டைப் போட்டால் இரண்டு சில்லும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ட மெசின்லயும் இரிக்கி அது” என்றேன்.

“ஓம் காக்கா, அதே சாமான்தான்” என்றான், அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு. “உங்கட மெசின்ல காலால மிதிக்கணும். இதுல விரல் போதும்.”

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் தாங்கியிருப்பேன். மகளைத்தான் தாங்க முடியவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் அவன் மெசினை வளவுக்குக் கொண்டுவருவான். இவள் சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக நிற்பாள். முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கடற்கரை வழியே ஒரு சுற்றுப் போய் வருவார்கள். ஒவ்வொரு பின்னேரமும் இதுதான். நான் உழவு மெசினின் மட்கார்டில் தலையணை வைத்துக் கட்டி, ஒரு ஹோர்னும் பூட்டி, “வாங்க புள்ள, வாப்பா காரைதீவுச் சந்தி வரைக்கும் கூட்டிப் போறன்” என்று கெஞ்சினேன். ஒரு நாள் வந்தாள். பாதி வழியில் “வீட்ட போவமா வாப்பா” என்றாள். திருப்பிக் கொண்டுவந்து விட்டதும் இறங்கி ஓடிப் போய்த் தவளையில் ஏறிக்கொண்டாள். என் மெசினின் பின்சில்லு அவளை விட உயரம். அந்தக் குந்தல் தவளையில் அப்படி என்னதான் இருக்கிறது? விடிய எழும்பினால் இதே கேள்வி, படுத்தால் இதே கேள்வி. எனக்கு விசர் பிடிக்காதது அல்லாஹ்வின் கிருபை.

அதற்கடுத்த வருடம் சகலன் மூன்று நாள் மார்க்கப் பயணமாக ஜமாஅத்தில் வெளியூர் போனான். சாவி என் கைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், வாய்விட்டே. அவனை விட நன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று துடித்தேன். தவளையை முதலில் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். வெறும் பெட்டி மாதிரி லேசாக இருந்தது. சில்லில் காற்றும் அரைகுறை, அமத்தினால் உள்ளே போனது. இவனுக்குச் சில்லுக்குக் காற்றடிக்கவும் தெரியாதா என்று நினைத்தேன். வயலில் நாங்கள் என்ன செய்வோம்? உழவு மெசின் சேற்றில் வழுக்கினால் பின்சில்லுக்குள் தண்ணீர் அடிப்போம். பாரம் கூடினால் பிடிமானம் கூடும். இது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். தவளையின் பின்சில்லு இரண்டிலும் காற்று வால்வைக் கழற்றி, குழாயை மாட்டித் தண்ணீர் நிரப்பினேன். மேலே காற்றையும் இறுக்கி அடித்தேன். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. மனதுக்கு அவ்வளவு திருப்தி.

காலையில் வலை கரையேறியது. நல்ல மீன். கூடைகளை ஏற்றினேன், பட்டனை அமத்தினேன், பூட்டையும் போட்டேன். நாலு சில்லும் சுற்றின. ஒன்றுகூடச் சோம்பேறி இல்லை, நாலும் வேலைகாரர்கள்தான். ஆனால் மெசின் முன்னுக்குப் போகவில்லை, கீழுக்குப் போனது. நான் கோபத்தில் இன்னும் முறுக்கினேன். இன்னும் இறங்கியது. கடைசியில் வயிறு மணலில் படுத்துவிட்டது, சில்லுகள் தங்கள் தங்கள் குழிக்குள் சும்மா சுற்றின. வெயில் ஏறுகிறது, மீன் கிடக்கிறது, அலையின் நுரை பின்சில்லைத் தொட்டுவிட்டுப் போகிறது.

வலை இழுக்கிற ஆட்கள் சும்மா இருப்பார்களா? வலைக் கயிற்றைக் கொண்டுவந்து தவளையில் கட்டினார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டையே எடுத்தார்கள். அடிக்கு அடி ஒருவன் புதிதாகக் கட்டி விடுவான், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அன்று வலைக்குப் பதிலாக மூத்த மருமகன் பாட்டுக்குள் வந்தான். உழவு மெசின் வந்தது, தண்ணிச் சில்லும் வந்தது. கயிற்றின் கடைசியில் மாமாவும் நின்று இழுத்தார். அவர் பாடவில்லை. ஆனால் தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். மகள் அங்கே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சகலன் திரும்பி வந்து ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசி மனதை ஆற்றியிருப்பேன். சில்லைக் கழற்றித் தண்ணீரை வெளியே ஊற்றினான். காற்றைப் பாதிக்குக் குறைத்தான்.

“வயல் வட்டையில சேத்துக்கு அடியில கட்டித் தரை இரிக்கி காக்கா” என்றான். “பாரம் இருந்தா சில்லு சேத்த வெட்டிட்டுப் போய் அந்தத் தரையப் புடிக்கும். கடற்கரையில அப்படி ஒரு அடி இல்ல. எவ்வளவு பாரமோ அவ்வளவு தாழும். அதுக்குத்தான் காத்தக் குறைக்கிறது. குறைச்சா சில்லு ஒட்டகத்துட கால் மாதிரி பரந்து மிதிக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நானும் அங்க முதல் நாள் காத்து நிறைய அடிச்சுட்டுப் புதைஞ்ச ஆள்தான்” என்றான்.

பாருங்கள், அந்தக் குணம் வேறு. நல்ல மனைவி, நல்ல மெசின், நல்ல குணம். ஒரு ஆளுக்கு இவ்வளவும் எதற்கு என்று அல்லாஹ்விடமே கேட்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடலுக்குப் போகிற நேரத்தை ஆமியிடமும் நேவியிடமும் கேட்கிற கரைச்சல் குறைந்தது. தெற்கே பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரர்கள் அலையில் விளையாட வரத் தொடங்கினார்கள். அங்கே ஒரு ஹோட்டல்காரர் மணலில் ஓட்டுவதற்குப் புதிய தவளைகள் இறக்கியிருக்கிறாராம். ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டுமாம். சகலனைக் கூப்பிட்டார். தங்குவதற்கு வீடும் தருகிறாராம்.

கேட்டதும் என் மனதில் ஒரு பெருநாள் வந்து போனது. போகட்டும், தொலையட்டும். சங்கத்து மெசின் இங்கேதானே நிற்கும், நான்தானே ஓட்டுவேன், மகள் என் முன்னால்தானே ஏறுவாள். அந்தச் சந்தோசத்தில் ஒரு விசயத்தை நான் யோசிக்கவில்லை. மாமாதான் கூப்பிட்டுச் சொன்னார்.

“மருமகன், சின்னவரு குடும்பத்தோட போறாரு. என்ட சின்ன மகள் புருசனோடதான் போவா. புள்ளைய என்ன செய்யிற? சாச்சியோட விடுறீங்களா, இஞ்ச வெச்சிக்கிறீங்களா? உங்கட புள்ள, நீங்கதான் சொல்லணும். மாமியும் இரிக்கா, பாத்துக்குவா.”

“நாளைக்குச் சொல்றன் மாமா” என்றேன். சொல்ல என்ன இருக்கிறது? தர மாட்டேன். கொட்டிலுக்குப் போய்ச் சுவரோடு சண்டை பிடித்தேன். மனைவியைக் கடல் கொண்டுபோனது, வேலையை அவன் கொண்டுபோனான், பிள்ளையின் பின்னேரங்களையும் கொண்டுபோனான். இப்போது பிள்ளையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறானாம். ஆளை விடு!

அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சகலனிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். மகளை முன்னால் ஏற்றினேன். ஒன்பது வயது, தலை என் நாடிக்கு வந்தது. இந்த முறை பிழை விட நான் தயாரில்லை. காற்று அளவாக இருந்தது. தார் ரோட்டில் பின்சில்லு இரண்டோடு மட்டும் ஓட்டினேன், வளைவுகளில் கைப்பிடி பூப்போல திரும்பியது. மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, “இப்ப பாருங்க புள்ள, நாலையும் போடுறன்” என்று சொல்லிப் பட்டனை அமத்தினேன். முன்தண்டு கொழுவிய சத்தம் கேட்டது. ஒரு முக்கல் முனகல் இல்லாமல் தவளை மணலில் ஏறியது. ஈர மணல், உதிரி மணல், தோணி இழுத்த பள்ளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினேன். சகலன் ஓட்டினாலும் இதைவிட நன்றாக ஓட்டியிருக்க முடியாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

நிறுத்தினேன். “சாச்சா ஓட்டுறது நல்லமா, வாப்பா ஓட்டுறது நல்லமா?” என்று கேட்டேன். நாற்பதை நெருங்கிய மனிதன் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையாலும் முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் மூடியிருந்தது.

“என்ன புள்ள?”

“எனக்கு இதுக்குப் பயம் வாப்பா.”

“எப்ப இருந்து?”

“எப்பவும் பயம்தான்.”

“பயமெண்டா ஏன் ஒவ்வொரு நாளும் சாச்சாவோட ஏறின நீங்க?”

அவள் கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தாள். இதைப் போய்க் கேட்கிறாரே என்பது போல ஒரு பார்வை.

“தூரப் போனாத்தானே சாச்சி கூப்பிடுவா” என்றாள். “நாங்க திரும்பி வரக்குள்ள கடப்படியில நிண்டு, என்ட பேரச் சொல்லி, வாங்க மகள் எண்டு நீட்டிக் கூப்பிடுவா. வீட்டுக்குள்ள இருந்தா மெதுவாத்தான் கதைப்பா. அது சாச்சிட குரல். நீட்டிக் கூப்பிட்டா மட்டும் உம்மாட குரல்.”

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான். கல்யாணம் முடித்த புதிதில் பின்னால் இருந்து கூப்பிட்டால் எனக்கே ஆள் மாறிப் போகும். மனைவி மவுத்தான பிறகு அந்தக் குரல் வளவுக்குள் கேட்கும்போதெல்லாம் நான் உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

“உங்களுக்கு உம்மாட குரல் ஞாபகம் இரிக்கா?” என்று கேட்டேன்.

“முகம் வருதில்ல வாப்பா. குரல் மட்டும்தான் வருது. சாச்சி பொத்துவிலுக்குப் போனா அதுவும் வராது.”

இஞ்சினை நிறுத்தினேன். அவளை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மெசின் மணலில் நின்றது. யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும்.

வளவுக்குப் போகிற ஒழுங்கைக்குள் நாங்கள் திரும்பியதும் சாச்சி கண்டுவிட்டாள். கடப்படிக்கு வந்து, மகளின் பெயரைச் சொல்லி நீட்டிக் கூப்பிட்டாள். மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். இந்த முறை எனக்கு ஸ்டார்ட் பண்ண மெசின் இல்லை. அந்தக் குரலை முழுவதும் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

“என்ன மருமகன், முடிவு?”

“புள்ள சாச்சியோட போகட்டும் மாமா” என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார், நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.